நான்கு நிமிடம் பத்து நொடி

சித்தி மகள் அந்தப் பத்தியைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது ஸ்டாப்வாட்சில் நான்கு நிமிடம் பத்து நொடி ஓடியிருந்தது. ஆங்கிலப் பத்தி, 450 சொற்கள். படிக்கும்போது இரண்டு இடங்களில் அவள் விரல் பின்னுக்குப் போய், முந்தைய வரியைத் தொட்டுவிட்டு வந்தது. உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. கீழே இருந்த ஐந்து கேள்விகளில் மூன்றுக்குச் சரியாக விடை குறித்திருந்தாள்.

அடுப்படியிலிருந்து வந்த சித்தி, இரண்டு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததையே மறுபடியும் கேட்டார். "இப்போதாவது சொல்லம்மா, சட்ட நுழைவுத் தேர்வுக்கு இவள் எத்தனை மாதம் படிக்க வேண்டும்? மூன்று மாதம் போதும் என்கிறார் ஒருவர். இரண்டு வருடம் படித்த பிள்ளைக்கே கிடைக்கவில்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை நம்புவது?"

அவள் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். கிளாட் என்ற அந்த நுழைவுத் தேர்வை எழுதி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. நான் அப்படிப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் என்பதால், எங்கள் உறவு வட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவள் நான்தான். இதுவரை போனில் கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதம், எட்டு மாதம், வாய்க்கு வந்தது. அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். எண்ணைச் சொல்லும் முன் அந்தப் பிள்ளைகளில் ஒருவரையாவது எதிரில் உட்கார வைத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். இப்போதைய கிளாட்டில் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஏறத்தாழ எல்லாக் கேள்விகளும் பத்திகளை ஒட்டியே வருகின்றன. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டம், தருக்கம் ஆகிய பிரிவுகளில் ஒவ்வொரு பத்தியும் 450 சொற்கள் வரை போகும். கணக்குப் பிரிவில் மட்டும் சிறியதாக இருக்கும். பத்திக்கு ஐந்து கேள்வி என்று வைத்தால் மொத்தம் 24 பத்திகள். எல்லாமே முழு நீளமாக இருந்தால், சித்தி மகளின் வேகத்தில் 24 பத்திகளைப் படிக்கவே 100 நிமிடம் போய்விடும். மீதி 20 நிமிடத்தில் 120 கேள்விகள். கேள்வியைப் படித்து, நான்கு விடைகளையும் பார்த்து, யோசித்து, ஓ.எம்.ஆர் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவதற்கு ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. முடியாது. அவள் நாட்டு நடப்பெல்லாம் அறிந்தவளாக இருந்தாலும் முடியாது.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு மாதமும் ஒரு தோல்வியும் ஆயின.

2021 ஏப்ரலில் படிக்கத் தொடங்கினேன். கொரோனா காலம் என்பதால் எல்லாம் கைபேசித் திரையில்தான். நான் சேர்ந்திருந்த பயிற்சி மையம் வாரந்தோறும் பொது அறிவுத் தொகுப்புகளை அனுப்பும். தலைநகரங்கள், விருதுகள், அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு எண்கள், லத்தீன் சட்டத் தொடர்கள். மனப்பாடம் செய்தேன். எத்தனை மணி நேரம் படித்தேன் என்பதைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். குறிக்கும்போது ஒரு நிம்மதி வரும். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அண்மையில் கூட்டிப் பார்த்தேன்: 1,460 மணி நேரம். அதில் பாதிக்கு மேல் போனது, தேர்வில் அந்த வடிவத்தில் கேட்கப்படவே போகாத விஷயங்களுக்கு.

இங்கே தேர்வின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'எத்தனை மாதம்' என்ற அறிவுரைகளில் பல அந்த வரலாற்றின் வேறொரு காலத்திலிருந்து வருகின்றன. கிளாட் 2008இல் ஏழு பல்கலைக்கழகங்களுக்காகத் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத் தேர்வு நடத்தியது. 2019 வரை 200 கேள்விகள், பெரும்பாலும் நேரடிக் கேள்விகள். பட்டியல்களை மனப்பாடம் செய்தவருக்கு அதில் பலன் இருந்தது. 2020இல் எல்லாம் மாறிப் பத்தி வாசிப்பை அடிப்படையாகக் கொண்ட 150 கேள்விகள் வந்தன. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து அது 120 ஆனது. நேரம் மட்டும் என்றும் இரண்டு மணிதான். ஆகவே பத்து வருடங்களுக்கு முன் எழுதி வென்ற ஓர் அண்ணன், "ஒரு வருடம் பொது அறிவை உருட்டிப் போடு" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியது வேறு தேர்வு.

2022 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் தேர்வு. அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத் தேர்வு மே மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்ததால், அதை முடித்த மூன்றே வாரத்தில் இது. மூன்று நாற்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். வினாத்தாளில் இன்னும் ஒன்பது பத்திகள் திறக்கப்படாமல் இருந்தன. அதன் பிறகு நான் படித்தது எதுவும் என் மண்டைக்குள் போகவில்லை. கண் மட்டும் வரியின் மேல் ஓடியது. நான்கு மணிக்குத் தாளை வாங்கும்போது நாற்பது வட்டங்கள் வெள்ளையாக இருந்தன. மறுநாள் பிளஸ் டூ முடிவு வந்தது, நல்ல மதிப்பெண். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். என்னால் அந்த நாற்பது வட்டங்களிலிருந்து மீண்டு வர முடியவில்லை.

150இல் 71 சரி, 39 தவறு. தவறுக்குக் கால் மதிப்பெண் கழித்தால் 61.25. நான் ஆசைப்பட்ட எந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் அந்த மதிப்பெண் போகாது.

அப்பா சொன்னது நியாயமானது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. என் மதிப்பெண்ணுக்கு விண்ணப்பித்திருக்கலாம். "சட்டம் படிக்க வேண்டும் என்றுதானே ஆசை? அதை இப்போதே படிக்கலாமே" என்றார். அந்த ஆண்டு ஒரு விசித்திரம் நடந்திருந்தது. கிளாட்டை டிசம்பருக்கு மாற்றிவிட்டதால், 2022க்குள்ளேயே இரண்டு கிளாட் தேர்வுகள்: ஜூனில் ஒன்று, டிசம்பர் 18இல் அடுத்த கல்வியாண்டுக்கான இன்னொன்று. ஆறு மாதம்தான் இடைவெளி என்று அப்பாவிடம் வாதாடினேன். தேர்வுக்குத்தான் ஆறு மாதம். கல்லூரிக்குள் நுழைய முழுதாக ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. இருந்தும் ஒப்புக்கொண்டார்.

ஜூலை முதல் வாரத்தில் நான் செய்த முதல் வேலை புத்தகம் வாங்குவது அல்ல. அதே ஜூன் வினாத்தாளை எடுத்து, கடிகாரம் இல்லாமல், மெதுவாக, தவறியவற்றையும் தொடாதவற்றையும் மட்டும் மறுபடி போட்டேன். முழுதாக இரண்டு நாள் ஆயின. தவறான 39இல் 21 இப்போது சரியாக வந்தன. தேர்வறையில் தொடவே தொடாத 40இல் 28 சரி. மொத்தம் 49. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 71உடன் 49 சேர்ந்தால் 120. அத்தனைக்கும் விடை காணும் திறன் ஜூன் 19 அன்றே என்னிடம் இருந்தது. எனக்கு உண்மையிலேயே விடை தெரியாதவை 30 மட்டும், அவற்றில் பெரும்பாலானவை நடப்பு நிகழ்வுகள். பதினான்கு மாதமும் நான் அந்த முப்பதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணக்குக்குப் பிறகுதான் காலத்தைப் பற்றி யோசிக்க முடிந்தது. எந்தக் குறை, எவ்வளவு காலம் கேட்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

மிக அதிகக் காலம் கேட்டது வாசிப்புதான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். அப்போது நிமிடத்துக்கு 110 ஆங்கிலச் சொற்கள், ஏறத்தாழ இன்று சித்தி மகள் படிக்கும் வேகம். தினமும் காலையில் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கமும் ஒரு கட்டுரையும். ஒரே முறை, கண்ணைப் பின்னுக்குத் திருப்பாமல். படித்ததும் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, எழுதியவர் என்ன வாதிடுகிறார், எதைக் காரணமாகக் காட்டுகிறார் என்று இரண்டே வரி எழுதுவேன். தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய சொற்களையே திருப்பி எழுதி, புரிந்துவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியும். தமிழில் எழுதும்போது புரியாத இடத்தில் பேனா நின்றுவிடும். முதல் மூன்று வாரம் வேகம் துளியும் கூடவில்லை. அழுகையாக வந்தது. நான்காம் வாரம் 120, ஏழாம் வாரம் 150. 190ஐத் தொட்டபோது பதினொரு வாரம் முடிந்திருந்தது. இதைக் குறுக்குவதற்கு வழி ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் படித்தாலும் வாசிப்பு வேகம் ஐந்து மடங்கு விரைவாக வளர்வதில்லை.

நடப்பு நிகழ்வுகளும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. ஓர் ஆண்டின் செய்திகளை ஒரு மாதத்தில் விழுங்கினால் பெயர்கள் தங்கும், தொடர்ச்சி தங்காது. அதற்குத் தினமும் அரை மணி போதும். ஆனால் நாட்கள் நிறைய வேண்டும்.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான்: விகிதம், சதவீதம், சராசரி. எனக்கு மூன்று வாரம் ஆனது.

சட்டப் பகுதியைத்தான் எல்லோரும் மலையாக நினைக்கிறார்கள். முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதி பத்தியிலேயே இருக்கும். வேண்டியது ஒரு பழக்கம். அன்று சித்தி மகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். வேலை முடிந்தது, கூலி தரவில்லை. கூலி வரும்வரை கடிகாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கடைக்காரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கூலியை ஏமாற்றும் எண்ணத்தோடு, கடைக்காரருக்குத் தெரியாமல் அவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இது திருட்டா?

"அவருடைய கடிகாரம்தானே அக்கா? தன் பொருளையே ஒருவர் எப்படித் திருட முடியும்?"

விதியைப் படிக்கச் சொன்னேன். ஒருவரின் கைவசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்து நகர்த்துவது திருட்டு. சொந்தக்காரர் யார் என்று அந்த விதியில் எங்கே இருக்கிறது? அவள் மூன்று முறை தேடினாள். இல்லை. கைவசம் என்றுதான் இருக்கிறது. இது 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 378ஆம் பிரிவுக்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அதற்கு முந்தைய எடுத்துக்காட்டில், கூலிப் பாக்கி ஏதும் இல்லாத சொந்தக்காரர் கடைக்காரரின் கையிலிருந்தே கடிகாரத்தைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகிறார். அது வேறு குற்றமாகலாம், திருட்டு ஆகாது, ஏனென்றால் அங்கே நேர்மையற்ற எண்ணம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்ததும் இப்படி ஒரு நொடியில்தான். இந்தப் பழக்கம் வர ஆறேழு வாரம் ஆகும், அதிகம் போனால் இரண்டு மாதம்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி பத்தே வாரம் படித்து என்னைவிட நல்ல தரவரிசை பெற்றாள். அவள் வீட்டில் சிறு வயது முதல் ஆங்கில நாவல்கள் புழங்கின. பத்து வாரம் போதும் என்று அவள் சொல்வது அவளளவில் உண்மை. அவள் ஆறு வயதில் தொடங்கிய வாசிப்பை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளையிடம் மூன்று மாதம் போதும் என்று சொல்வது, அவளைத் தோற்க வைத்துவிட்டு 'உனக்கு மூளை போதாது' என்று நம்பவும் வைப்பதாகும். அப்படி நம்பி ஒதுங்கிப்போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

அதற்காக இரண்டு வருடம், மூன்று வருடம் என்று இழுப்பதும் தீர்வில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை கிளாட் வகுப்பில் சேர்ப்பதைவிட, பிடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்துத் தனியே விடுவது பல மடங்கு பலன் தரும். தேர்வுக்கென்றே படிக்கும் படிப்பு ஓர் அளவுக்கு மேல் ஊசிப்போகிறது. அந்த நவம்பரில் எனக்கே அது நடந்தது. வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதியவரை 84, 91, 90 என்று வந்தது. பயத்தில் வாரம் நான்காகக் கூட்டினேன். 86, 83 என்று இறங்கியது. எழுதிய தேர்வை அலசவே ஒரு முழு நாள் வேண்டும். அதற்கு நேரமே இல்லாமல் செய்த தவற்றையே நான்கு முறை செய்துகொண்டிருந்தேன். கடைசி மூன்று வாரம் மறுபடி வாரம் ஒன்று என்று குறைத்தேன்.

டிசம்பர் 18 அன்று 131 கேள்விகளுக்கு விடை எழுதினேன். 97 சரி, 34 தவறு, மதிப்பெண் 88.5. விட்ட 19இல் பெரும்பாலானவை நானாகவே வேண்டாம் என்று விட்டவை. ஜூலை முதல் அதுவரை படித்தது மொத்தம் 520 மணி நேரம்.

ஓராண்டை விட்டுவிட்டுப் படித்தது சரியா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. எனக்குப் பலித்தது. ஆனால் ஜூன் வினாத்தாளை அலசிப் பார்த்து, குறை எங்கே என்று தெரிந்துகொள்ளும் முன்பே அப்பாவிடம் வாதாடினேன், அது சரியில்லை. கணக்கு வேறு மாதிரி வந்திருந்தால், அதாவது அவகாசம் கொடுத்தும் 90ஐத் தாண்டாமல் இருந்திருந்தால், அப்பா சொன்ன வழியில் போவதுதான் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

சித்தி மகளுக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. டிசம்பரில் கிளாட், அதே மாதத்தில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. கிளாட்டுக்குத் தகுதி பெறப் பிளஸ் டூவில் 45 சதவீதம் போதும், பட்டியல் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 40. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிப் பாடத்தைக் கைகழுவும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிளாட் கைவிட்டால் மாநிலச் சட்டக் கல்லூரியின் கதவைத் திறப்பது அந்தப் பிளஸ் டூ மதிப்பெண்தான். அதனால் பள்ளி நாட்களில் அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு மணி நேரம் வாசிப்பு, அரை மணி செய்தி, அரை மணி சட்டமோ தருக்கமோ. கணக்கை இந்த விடுமுறையிலேயே முடித்துவிடலாம். மாதிரித் தேர்வுகள் செப்டம்பருக்குப் பிறகு, வாரம் ஒன்று.

"அப்படியானால் ஏழு மாதமா?" என்றார் சித்தி.

"இப்போதைக்கு ஏழு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் சித்தி. ஆகஸ்ட் 15 விடுமுறையில் வருவேன். அப்போது மறுபடி அளந்து பார்ப்போம். நிமிடத்துக்கு 150ஐத் தாண்டியிருந்தால் இதே வழியில் போகலாம். தாண்டாவிட்டால் கிளாட்டை எழுதட்டும், ஆனால் முழுக் கவனமும் பிளஸ் டூவில் இருக்கட்டும். ஓராண்டு விடுவதைப் பற்றி இப்போது யாரும் அவளிடம் பேச வேண்டாம்."

சித்திக்கு முழுத் திருப்தி இல்லை என்பது தெரிந்தது. உறுதியான ஓர் எண்ணை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் நாளிதழ்க்காரரிடம் சொல்லி, மறுநாள் முதல் ஆங்கில நாளிதழ் ஒன்றும் போடச் சொல்லிவிட்டார்.

நான் விடுதிக்குத் திரும்பி ஐந்து வாரமாகிறது. தினமும் இரவு அவளிடமிருந்து ஒரு படம் வரும்: நோட்டில் தேதி, நேரம், தமிழில் இரண்டு வரி. நேற்றைய படத்தில் 3 நிமிடம் 41 நொடி, ஐந்தில் நான்கு சரி. தவறிப்போன அந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில், நான் கேட்காமலே, பென்சிலால் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: 'பத்தியில் இல்லாததை நானாகச் சேர்த்துக்கொண்டேன், கடிகாரம் மாதிரி.'